முள்ளந்தண்டு வடக் காயத்துக்குப் பின் சலமும் மலமும் கசிவதைச் சமாளித்தல்: வீட்டில் செய்ய வேண்டிய ஒழுங்கு

எறிகணைச் சிதறல் பட்டவர்கள், பனையிலிருந்து விழுந்தவர்கள், ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர்கள் என்று முள்ளந்தண்டு வடம் காயப்பட்ட பலர் வன்னியில் வீட்டோடு இருக்கிறார்கள். சலமும் மலமும் தம் கட்டுப்பாட்டில் இல்லாமற் போனவர்களுக்கும், அவர்களைப் பராமரிக்கும் மனைவி, தாய், சகோதரருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

வைத்தியசாலையிலிருந்து வீடு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் வாங்குவது பம்பஸ். அது நனைவதை மறைக்குமே தவிர, குறைக்காது. செய்ய வேண்டிய ஒழுங்கு இதற்கு நேர்மாறானது: முதலில் கணக்கு, அடுத்து மலம், அதற்குப் பிறகு சலம், கடைசியில்தான் அணையாடை. மலத்தை ஒழுங்குபடுத்தாமல் சலத்தை ஒழுங்குபடுத்த முயல்பவர்களே அதிகம் தடுமாறுகிறார்கள். குடலில் தேங்கிய மலம் சலப்பையை அழுத்திக்கொண்டிருக்கும்வரை எந்த நேர அட்டவணையும் நிலைக்காது.

1. தொடங்குமுன் கேட்டறிய வேண்டியவை

கிளினிக்கில் மூன்று கேள்விகளுக்கு விடை பெற்ற பிறகே வீட்டு ஒழுங்கைத் தொடங்குங்கள்.

முதலாவது, காயம் எந்த மட்டத்தில் உள்ளது என்பது. நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயம் இருந்தால் (சிகிச்சை அட்டையில் ரி6, ரி4, சி7 என்று எழுதியிருப்பார்கள்; ரி என்பது நெஞ்சுப் பகுதி, சி என்பது கழுத்துப் பகுதி), 8 ஆம் பகுதியில் சொல்லப்படும் இரத்த அழுத்த ஆபத்து உங்களுக்கு உண்டு. அதை முதலில் வாசித்துவிட்டு இங்கே திரும்புங்கள்.

இரண்டாவது, குடல் எந்த வகை என்பது. காயம் மேலே இருந்தால், ஆசனவாய்த் தசை பொதுவாக இறுக்கமாக இருக்கும். விரலால் தூண்டினால் குடல் தானாகச் சுருங்கி மலத்தைத் தள்ளும். காயம் இடுப்புப் பகுதியிலும் அதற்குக் கீழும் இருந்தால், அந்தத் தசை தளர்ந்திருக்கும். தூண்டுதலுக்குக் குடல் அசையாது, மலத்தை விரலால் எடுக்கவே வேண்டும். இரண்டு வகைக்கும் வழி வேறு. அயலில் உள்ள ஒருவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யப்போய் மாதக்கணக்கில் பலனில்லாமல் இருப்பவர்களுக்கு, இந்த வேறுபாட்டை யாரும் சொல்லியிருப்பதில்லை.

மூன்றாவது, சலப்பையை வெறுமையாக்க உங்களுக்குப் பொருத்தமான முறை எது என்பது: நேரத்துக்கு நேரம் கதீற்றர் (சலத்தை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட்டு எடுப்பதா, உள்ளேயே இருக்கும் கதீற்றரா, ஆண்களுக்கான, உறுப்பின்மேல் மாட்டும் உறைக் கதீற்றரா. இதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். சலம் தானாகப் போகிறது என்பதால் பை வெறுமையாகிறது என்று பொருளில்லை. நிரம்பி வழிவதும் அப்படித்தான் தெரியும். நிரம்பிய பையின் அழுத்தம் காலப்போக்கில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இதுவரை நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரெனக் கசிவு தொடங்கி, அதனோடு நாரி வலி, கால் பலவீனம், தொடைகளுக்கிடையே மரத்துப்போதல் என்பன சேர்ந்தால், இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

2. மூன்று நாள் கணக்கு

ஒரு சிறிய கொப்பியில் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு நான்கு விடயங்களை நேரத்தோடு எழுதுங்கள்: குடித்தது, வெளியேற்றிய சலத்தின் அளவு, நனைந்த வேளைகள், மலம் போன வேளையும் அதன் தன்மையும். அளவுக்கோப்பை இல்லாவிட்டால், 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலின் மேற்பாகத்தை வெட்டி, 100, 200, 300 என்று பேனையால் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் யாரும் தண்ணீர் குடிக்காதபடி மலசலகூடத்திலேயே இருக்கட்டும்.

இதைத் தவிர்க்கவே எல்லோரும் விரும்புகிறார்கள். ஆனால், "எப்ப பார்த்தாலும் நனையுது" என்று சொல்லும் ஒருவரின் கொப்பியைப் பார்த்தால், அநேகமாகப் பின்நேரம் இரண்டு தேநீருக்குப் பிறகும், மலம் போகாத இரண்டாம் மூன்றாம் நாளிலும்தான் நனைந்திருக்கும். எந்த வேளையைத் திருத்த வேண்டும் என்பதைக் கொப்பிதான் காட்டும்.

3. இடமும் பொருளும்

வேண்டியவை: சவர்க்காரம், சுத்தமான தண்ணீர், கையுறை, தண்ணீரில் கரையும் ஜெல், கதீற்றர், அளவுப் போத்தல், சிறிய கண்ணாடி, இரண்டு துவாய், மூடியுள்ள வாளி. எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைத்து, தொடங்குமுன் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வையுங்கள். கதீற்றரைப் பாதி செலுத்திய பிறகு ஜெல்லைத் தேடுபவர், கழுவிய கையால் அலுமாரியைத் திறப்பார்.

ஜெல்லுக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் பூசும் பழக்கத்தை விடுங்கள். எண்ணெய் சலப்பைக்குள் கரையாது. இறப்பர்க் கையுறையையும் இளகச் செய்யும்.

குந்தும் மலசலகூடத்துக்கு மேலே, நடுவில் துளை வெட்டிய பிளாஸ்ரிக் கதிரையை வைத்துப் பயன்படுத்தும் வீடுகள் நிறைய உள்ளன. செலவு குறைந்த நல்ல ஏற்பாடுதான், இரண்டு திருத்தங்களோடு. வெட்டிய விளிம்பு கத்தி போன்றிருக்கும், உணர்வில்லாத தோலுக்கு அது தெரியாது. ஆகவே, விளிம்பு முழுவதும் ஸ்பொஞ்ச் சுற்றி அதன்மேல் றெக்ஸின் தைக்க வேண்டும். ஈரமான சீமெந்தில் கதிரைக் கால்கள் விரியும். நான்கு கால்களும் பதியும்படி நிலத்தில் சிறு குழிகளோ தடுப்புக் கட்டையோ அமையுங்கள். உட்காருமுன் ஒருவர் கையால் அழுத்திப் பார்க்கட்டும்.

4. மலத்துக்கு ஒரு நேரம்

ஒரு நேரத்தைத் தேர்ந்து அதை மாற்றாதிருங்கள். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்குப் பிறகு செய்வது நல்லது. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பதே காரணம். வயலுக்குப் போகும் மனைவியோ பாடசாலைக்குப் போகும் மகளோ உதவுபவராக இருந்தால், இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எந்த நேரம் என்பதைவிட ஒரே நேரம் என்பதே முக்கியம். இறுக்கமான குடல் உள்ளவர்களுக்கு நாள்தோறுமோ ஒருநாள் விட்டொருநாளோ போதும்; தளர்ந்த குடல் உள்ளவர்களுக்கு நாளுக்கு ஒரு தடவையேனும், சிலருக்கு இரு தடவையும் தேவைப்படும்.

*இறுக்கமான குடல்.* உட்கார முடிந்தால் கதிரையில் உட்காருங்கள். கீழ்நோக்கிய பாரம் உதவும். முடியாவிட்டால் இடப்பக்கமாகச் சரிந்து படுங்கள். வயிற்றை வலப்பக்க அடியில் தொடங்கி மேலே, குறுக்கே, இடப்பக்கம் கீழே என்று சில நிமிடம் அழுத்தித் தடவுங்கள். பெருங்குடல் ஓடும் திசை அது. மருத்துவர் குதவழி மருந்து தந்திருந்தால், அதைச் செருகுமுன் வழியிலுள்ள மலத்தை எடுத்துவிட்டு, மருந்து குடற்சுவரில் ஒட்டும்படி வையுங்கள். மலத்துக்குள் புதைந்த மருந்து வேலை செய்யாது. "மருந்து கேக்குதில்லை" என்ற முறைப்பாட்டுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். பிசாகொடில் என்ற குதவழி மருந்து வேலை செய்யக் கால் மணியிலிருந்து ஒரு மணிவரை எடுக்கும்.

அதன் பிறகு, நகம் வெட்டிய, கையுறை போட்ட, ஜெல் பூசிய விரலை மெதுவாக உட்செலுத்தி, சுவரைத் தொட்டபடி வட்டமாக 15 முதல் 20 விநாடி சுழற்றுங்கள். எடுத்துவிட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். மலம் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை தூண்டியும் எதுவும் வராவிட்டால் குடல் வெறுமையாகிவிட்டது என்று கொள்ளலாம். புதியவர்கள் காத்திருக்காமல் விடாது சுழற்றுவார்கள். அதனால் உட்தோல் கிழிந்து இரத்தம் வருமே தவிர, குடல் வேகமாக அசையாது.

*தளர்ந்த குடல்.* இங்கே தூண்டல் பயனற்றது. ஜெல் பூசிய விரலால் மலத்தைச் சிறு துண்டுகளாக வெளியே எடுக்க வேண்டும். ஆகவே, மலம் உருண்டு திரண்டு இருப்பதே நல்லது. இளகச் செய்யும் மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் நாள் முழுவதும் கசியும்.

மலத்தின் தன்மையைச் சாப்பாட்டால் திருத்துங்கள். தவிடு நீக்காத அரிசி, குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, பயறு, பப்பாசிப்பழம் எல்லாம் உதவும். ஆனால், தண்ணீரைக் கூட்டாமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் கல்லாகும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சலப்பை இறுக்கத்துக்குக் கொடுக்கும் ஒக்சிபியூட்டினின், ட்ரமடோல் போன்ற வலி மருந்துகள், இரும்புச்சத்துக் குளிசை ஆகியன மலச்சிக்கலை உண்டாக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல நாட்களாக மலம் சரியாகப் போகாத ஒருவருக்குத் திடீரெனத் தண்ணீர்போல் கசிந்தால், வீட்டார் அதை வயிற்றோட்டம் என்று நினைத்து, வயிற்றைக் கட்டும் குளிசை கொடுப்பார்கள். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றித் திரவம் வழிவதாக அது இருக்கக்கூடும். குளிசை அடைப்பை மேலும் இறுக்கும். கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். முந்திய நாட்கள் வெறுமையாக இருந்தால், குளிசை கொடுக்காமல் வைத்தியசாலையில் காட்டுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, அதைக் குறைந்தது ஒரு வாரமாவது பாருங்கள். நேரம், மருந்து, சாப்பாடு மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

5. தண்ணீரைப் பங்கிடுதல்

"தண்ணியைக் குறைச்சால் நனையிறதும் குறையும்தானே, தங்கச்சி" என்று சொல்லாத ஆண் நோயாளர் குறைவு. குறையாது. செறிந்த சலம் பையை எரிச்சலூட்டி மேலும் சுருங்கவைக்கும், கிருமி தொற்றவும் கல் உண்டாகவும் இடமளிக்கும், மலத்தையும் இறுக்கும். கிணற்றுத் தண்ணீர் சவராக இருப்பதால் குடிக்கப் பிடிக்கவில்லை என்றால், வடிகட்டிய தண்ணீரைக் குடிக்க மட்டும் வாங்குங்கள். கழுவக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

நேரத்துக்கு நேரம் கதீற்றர் போடுபவருக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை பொதுவாகப் போதும். சோளகக் காற்றும் வெயிலும் உள்ள மாதங்களில் வியர்வைக்கு ஏற்பக் கூட்டுங்கள். சிறுநீரக நோயோ இதய நோயோ இருந்தால், அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிக்காமல், மணிக்கொருமுறை அரைக் கோப்பை என்று பங்கிடுங்கள். பை ஒரே சீராக நிறையும். படுக்கைக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் குடிப்பதை நிறுத்துங்கள். தேநீர், கோப்பி இரண்டையும் காலையோடு வைத்துக்கொள்வது நல்லது.

நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருப்பவரின் காலில் நீர் இறங்கி வீங்கும். இரவில் படுத்ததும் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பிச் சலமாகும். "பின்நேரம் ஒண்டும் குடிக்கேல்லை, இரவு பாய் முழுக்க நனைஞ்சிட்டுது" என்பதன் விளக்கம் பல வேளைகளில் இதுதான். மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்திப் படுத்திருந்து, அதன் பிறகு கடைசிக் கதீற்றரைப் போடுங்கள்.

6. நேரத்துக்கு நேரம் கதீற்றர் போடுதல்

முதன்முறை தாதியின் முன்னிலையிலேயே செய்து பழகுங்கள். கீழே உள்ளவை பழகியதை நினைவூட்டவே. கை இயங்கினால் நோயாளரே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாய் மகனுக்குச் செய்யும்போது இருவருக்கும் உள்ள கூச்சம் நேரத்தைத் தள்ளிப்போடச் செய்யும். தள்ளிப்போன நேரமே கசிவாகிறது.

பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை போடுவார்கள். ஒரு தடவையில் வரும் சலம் 500 மில்லிலீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள். தொலைபேசியில் அலாரம் வையுங்கள்.

முதலில், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள், உறுப்பையும் கழுவுங்கள். பெண்கள் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். மறுதிசையில் கழுவினால் மலக் கிருமி முன்னே வரும். ஆண்கள் முன்தோலைப் பின்தள்ளிக் கழுவ வேண்டும்.

கதீற்றரின் செலுத்தும் முனையை எதிலும் படவிடாமல் ஜெல் பூசுங்கள். பழகுபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், கையையும் உறுப்பையும் கவனமாகக் கழுவுவார்கள். ஆனால், மற்ற முனையைப் போத்தலுக்குள் விடக் குனியும்போது, செலுத்தும் முனை சாரத்தின் ஓரத்தில் ஒருமுறை உரசும். அதைக் காணாதது போலத் தொடர்வார்கள். உரசினால் வேறு கதீற்றர் எடுங்கள்.

ஆண்கள் உறுப்பை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்து மெதுவாகச் செலுத்துங்கள். நிமிர்த்தினால்தான் வழியின் வளைவு நேராகும். பைக்கு அருகில் தடை தெரிந்தால் தள்ள வேண்டாம். மூச்சை ஆழமாக இழுத்து விட்டுச் சற்றுப் பொறுங்கள், தசை இளகும். இளகாவிட்டால் எடுத்துவிட்டுச் சிறிது நேரத்துக்குப் பின் முயலுங்கள். பலவந்தம் செய்தால் வழியில் புண்ணாகி, பின்னர் அந்த இடம் சுருங்கும். பெண்கள் தொடக்கத்தில் கண்ணாடியின் உதவியோடு துவாரத்தைக் காணுங்கள். தவறி யோனிக்குள் போனால், அதை அங்கேயே அடையாளமாக விட்டு, புதிய கதீற்றரை அதற்கு மேலே செலுத்துங்கள்.

சலம் வரத் தொடங்கியதும் இன்னும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உள்ளே விட்டு, ஓட்டம் நிற்கும்வரை பொறுங்கள். மெல்ல வெளியே இழுக்கும்போது மீண்டும் சலம் வந்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். பையின் அடியில் தேங்கிய கடைசிப் பங்கு அது. அவசரக்காரர் விட்டுவிடும் அந்தப் பங்கில்தான் கிருமி பெருகும். முடிந்ததும், ஆண்கள் முன்தோலை மறவாமல் முன்னே இழுத்துவிட வேண்டும். பின்னே விட்டால் அது வீங்கி இறுகும். உணர்வில்லாதவருக்கு வலிகூடத் தெரியாது.

கதீற்றர்கள் ஒருமுறை பயன்பாட்டுக்கு உரியவை. கிடைப்பது அரிதாகி, கழுவிப் பயன்படுத்தக் கிளினிக் சொல்லியிருந்தால், உடனே உள்ளும் புறமும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, தொங்கவிட்டு முழுதாகக் காயவைத்து, சுத்தமான உலர்ந்த பெட்டியில் வையுங்கள். டெற்றோலில் ஊறவிட வேண்டாம். எஞ்சிய மருந்து உட்தோலை எரிக்கும். விறைத்தாலோ மங்கினாலோ வெடித்தாலோ எறிந்துவிடுங்கள். ஒருவருடையதை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது.

உள்ளேயே இருக்கும் கதீற்றர் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: சலம் சேரும் பை எப்போதும் சலப்பையின் மட்டத்துக்குக் கீழே, ஆனால் நிலத்தில் படாமல் தொங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்குங்கள். குழாய் தொடைக்குக் கீழே நசியவிடாமல் தொடையில் ஒட்டி வையுங்கள். மாற்ற வேண்டிய திகதியைச் சுவரிலுள்ள கலண்டரில் குறியுங்கள்.

7. அணையாடையும் தோலும்

மேற்சொன்னவை ஒழுங்கான பிறகும் சிறிது கசிவு இருக்கலாம். அதற்குத்தான் அணையாடை. பகலில் பழைய பருத்திச் சாரத்தை மடித்துத் தைத்த பட்டைகள் நம் வெக்கைக்கு நல்லவை. வெயிலில் சுருக்காகக் காயும். மாரியில் காயாது என்பதால், அந்த மாதங்களுக்குக் கடையில் வாங்குவதைச் சேர்த்து வையுங்கள்.

மலம் பட்டால் உடனே கழுவுங்கள். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, சிங்க் ஒக்சைட் களிம்பை மெல்லிதாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம்; ஈரத்தோடு கட்டியாகி உராயும். றபர் சீற்றின் மடிப்பைச் சரிசெய்யாமல் படுத்தால் ஓரிரவில் புண் வரலாம். அழுத்தம் எடுத்து அரை மணி நேரமாகியும் மறையாத சிவப்பு படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்தப் பக்கம் இனிப் பாரம் போடக்கூடாது.

பயன்படுத்திய பம்பஸை மலசலகூடக் குழிக்குள் போட்டால் குழி அடைக்கும். எரித்தால் நச்சுப் புகை. கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, நாய் கிளறாத ஆழத்தில் புதையுங்கள்.

8. பொறுக்கக் கூடாத அறிகுறிகள்

ரி6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீரென மண்டை இடிக்கும் தலைவலி, முகச் சிவப்பு, காயத்துக்கு மேலே வியர்வை என்பன வந்தால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது என்று கொள்ளுங்கள். அநேகமாக நிரம்பிய சலப்பை அல்லது அடைபட்ட குடலே தூண்டியிருக்கும். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள்; படுக்கவைப்பது அழுத்தத்தை மேலும் கூட்டும். இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். கதீற்றர்க் குழாய் மடிந்திருந்தால் நேராக்குங்கள். குழாய் இல்லாவிட்டால் கதீற்றர் போட்டுச் சலத்தை எடுங்கள். மலம் எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்தால் கையை நிறுத்துங்கள். அடங்காவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த நோயாளர் காவு வண்டிச் சேவை இலவசம். அழைக்கும்போது காயத்தின் மட்டத்தையும் சொல்லுங்கள்.

குளிர்காய்ச்சல், சலத்தில் இரத்தம், கால் இழுப்பு வழக்கத்தைவிடக் கூடுதல், புதிதாகக் கசிவு என்பன சலத் தொற்றைக் காட்டும். சலம் வெறுமனே கலங்கி மணக்கிறது என்பதற்காக மட்டும் பாமசியில் அன்ரிபயோற்றிக் வாங்கிக் குடிக்க வேண்டாம். கதீற்றர் பாவிப்பவரின் சலத்தில் கிருமி இருப்பது வழமை, காய்ச்சல் முதலிய அறிகுறி இருந்தால்தான் மருந்து. சலப் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகே மருந்தைத் தொடங்குங்கள். கதீற்றரோடு தொங்கும் பையில் தேங்கிய சலத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்காதீர்கள்.

9. வெளியே போகும் நாள்

வற்றாப்பளைப் பொங்கலுக்கோ, மடுத் திருவிழாவுக்கோ, வவுனியாவில் ஒரு கலியாணத்துக்கோ போவதற்காக அன்று காலை பட்டினி கிடப்பவர்கள் உண்டு. பட்டினி குடல் நேரத்தைக் குழப்பும். மறுநாள்தான் அதன் விளைவு தெரியும். வழக்கம்போலச் சாப்பிட்டு, மல வேலையை முடித்து, புறப்படுமுன் கதீற்றர் போட்டுவிட்டுப் போங்கள். அதிகாலைப் பேருந்து என்றால், இரண்டு வாரத்துக்கு முன்பே மல நேரத்தை இரவுக்கு மாற்றத் தொடங்குங்கள்.

பையில் வைக்க வேண்டியவை: இரண்டு கதீற்றர், ஜெல், தண்ணீர்ப் போத்தல், சவர்க்காரத் துண்டு, பொலித்தீன் பை, மாற்றுச் சாரம் அல்லது பாவாடை. அன்னதானத்தில் உறைப்பும் எண்ணெயும் அளவாக இருக்கட்டும். சக்கர நாற்காலி நுழையும் மலசலகூடம் அங்கே உண்டா என்று முன்கூட்டியே ஒருவரிடம் கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால், வாகனத்துக்குள் ஒரு துணியை மறைப்பாகக் கட்டியும் கதீற்றர் போடலாம்.

10. கிளினிக்குக்குக் கொப்பியோடு போதல்

தொந்தரவு ஒன்றும் இல்லாமல் இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை சிறுநீரக ஸ்கானும், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். சிறுநீரகப் பாதிப்பு நெடுங்காலம் வெளியே தெரியாமலே வளரும். கிளினிக் நாளுக்கு முந்திய மூன்று நாட்களின் கணக்கைப் புதிதாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். "பரவாயில்லை, டொக்டர்" என்று சொல்லித் திரும்பிவிடாமல், கொப்பியை மேசையில் விரித்து, நனைந்த வேளைகளைக் காட்டிக் கேளுங்கள்.